கொள்ளுக் கஞ்சி குடிக்காத என் தங்கை

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். என் தங்கை கலாவிடமிருந்து வாட்ஸ்ஆப்பில் ஒரு போட்டோ வந்தது. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ் — ஆறே நொடி.

"ண்ணா, இன்னா பண்ணி வெச்சிருக்காங்க பாரு. வாசல்லயே மாட்டிட்டாங்க."

போட்டோவில் இருந்தது ஒரு நோட்டீஸ் போர்டு. ஒரகடத்தில் அவள் வேலை பார்க்கும் ஃபேக்டரியின் கேன்டீன் வாசலில் மாட்டியிருப்பது. காருக்குள் ஓடுகிற ஒயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து, கார் கம்பெனிகளுக்கு அனுப்புகிற ஃபேக்டரி அது. கலா அங்கே ஒரு லைனுக்கு சூப்பர்வைசர். அவளுக்குக் கீழே நாற்பத்திரண்டு பெண்கள்.

போர்டில் இரண்டு படங்கள். இடது பக்கம் 'முன்'. வலது பக்கம் 'பின்'. இரண்டிலும் இருந்தது என் தங்கை.

கைசன் ஷீட் என்றால் இந்தப் பக்கத்தில் ஃபேக்டரி வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். லைனில் யாராவது ஒரு சின்ன முன்னேற்றம் செய்தால் — கீழே விழுகிற ஸ்க்ரூவைப் பிடிக்க ஒரு டப்பா வைத்தால்கூட — அதை ஒரு தாளில் எழுதி மாட்டுவார்கள். பிரச்சினை என்ன, மூல காரணம் என்ன, எதிர் நடவடிக்கை என்ன, பலன் என்ன. செய்வதற்கு முன் எடுத்த படம், செய்த பின் எடுத்த படம். கடைசிக் கட்டத்தில் 'ஹரிசான்டல் டெப்ளாய்மென்ட்' என்று ஒன்று வரும். அதாவது, இங்கே பலித்ததை இனி பக்கத்து லைன்களிலும் செய்யுங்கள்.

ஆரோக்கிய மாதம் கொண்டாடக் கிளம்பிய ஹெச்.ஆர். அதிகாரி, என் தங்கையின் உடம்பையே ஒரு கைசனாக எழுதி மாட்டிவிட்டார். 'முன்' படம் ஆயுத பூஜை குரூப் போட்டோவிலிருந்து வெட்டி எடுத்தது. பக்கத்தில் நின்றவளின் பாதித் தோள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

பிரச்சினை: அதிக எடை. மூல காரணம்: முறையற்ற உணவு. எதிர் நடவடிக்கை: காலையில் கொள்ளுக் கஞ்சி, இரவில் வெள்ளரிக்காய் மட்டும், லிஃப்டுக்குப் பதில் படி. பலன்: யூனிஃபார்ம் அளவு மூன்று படி குறைவு. ஹரிசான்டல் டெப்ளாய்மென்ட்: லைன் 2, லைன் 3, லைன் 5.

எதிர் நடவடிக்கையை மட்டும் இரண்டு முறை வாசித்தேன். எனக்கு ரொம்பப் பழக்கமான வாசகங்கள். ஏனென்றால்... பாதிக்கு மேல் நான் எழுதிக் கொடுத்தவை.

என் தங்கை வாழ்க்கையில் ஒரு நாள்கூடக் கொள்ளுக் கஞ்சி குடித்ததில்லை.

நடந்தது இது. அதற்கு ஒன்பது மாதம் முன்பு கலாவுக்கு எடைக் குறைப்பு ஆபரேஷன் நடந்தது. இரைப்பையில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, வாழைப்பழ அளவுக்கு ஒரு குழாயை மட்டும் மிச்சம் வைக்கிற ஆபரேஷன். முப்பத்தெட்டு வயதில் அவளுக்குச் சர்க்கரை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். லைன் சூப்பர்வைசருக்கு நாற்காலி கிடையாது. எட்டு மணி நேரமும் நடைதான். முட்டி கெஞ்ச ஆரம்பித்திருந்தது. பன்னிரண்டு வருடமாக அவள் பார்க்காத டயட் இல்லை, போகாத ஜிம் இல்லை, குடிக்காத பவுடர் இல்லை. இறங்கும். பிறகு வட்டியும் முதலுமாக ஏறும். கடைசியில் டாக்டர்தான் ஆபரேஷன் பற்றிச் சொன்னார்.

முதல் நாள் சாயங்காலம் ஆஸ்பத்திரி அறையில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். கலா, அவள் கணவர் தேவராஜ், நான். விடிந்தால் ஆபரேஷன். கலாவுக்குக் கத்தியைப் பற்றிப் பயமே இல்லை. அவள் கவலை வேறு.

"கேக்கறவங்களுக்கு இன்னாண்ணா சொல்றது?"

"உண்மையைச் சொல்லு."

"சொன்னா? 'வாயக் கட்ட முடியாதவ வயித்த வெட்டிக்கினா'ம்பாளுங்க. ரிட்டயர் ஆவற வரைக்கும் அதான் எனக்குப் பேரு."

அவள் மிகைப்படுத்தவில்லை. கம்பெனி பஸ்ஸில் இரண்டு பேர் உட்காரும் ஸீட் ஒன்று பத்து வருடமாக அவள் பெயரில் இருந்தது. யாரும் எழுதி வைக்கவில்லை. யாரும் பக்கத்தில் வந்து உட்காரவில்லை, அவ்வளவுதான். நின்றுகொண்டு வந்தாலும் வருவார்கள். "பரவால்லக்கா, நீ ஃப்ரீயா உக்காரு" என்பார்கள். அன்பாகத்தான் சொல்வார்கள். அதுதான் கஷ்டம்.

இருபத்தெட்டு வருடம் பத்திரிகை டெஸ்க்கில் உட்கார்ந்து அடுத்தவர்களின் பொய்களைப் பிடித்தவன் நான். ஒரு பொய் எங்கே உடையும், எங்கே நிற்கும் என்று தெரியும். யோசித்தேன்.

"பித்தப்பையில கல்லுன்னு சொல்லிடு," என்றேன். "அதுக்கும் வயித்துல நாலஞ்சு சின்ன ஓட்டைதான். தழும்பு ஒரே மாதிரி இருக்கும். அதைவிட முக்கியம்... எல்லார் வீட்டுலயும் யாருக்காவது கல்லு எடுத்திருப்பாங்க. உன்கிட்ட மேல கேக்க மாட்டாங்க. அவங்க வீட்டுக் கல்லைப் பத்திப் பேச ஆரம்பிச்சுடுவாங்க."

தேவராஜ் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"மச்சான், நீங்க பேப்பர்லதான் வேல செஞ்சீங்களா... இல்ல வேற எங்கனாவா?"

பொய் அச்சு அசலாக வேலை செய்தது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் தங்கள் கற்களைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்கள். ஒருத்தர் கல்லின் போட்டோவையே போனில் வைத்திருந்தார். கலா படுக்கையில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். தேவராஜ் போனில் அலாரம் வைத்துக்கொண்டு, இருமல் மருந்து பாட்டிலோடு வரும் அந்தச் சின்ன பிளாஸ்டிக் மூடியில் தண்ணீர் அளந்து அளந்து கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு மடக்கு. கால் மணி கழித்து இன்னொரு மடக்கு. ஒரு வாரம் அந்த மனிதர் ஷேர் ஆட்டோவை வெளியில் எடுக்கவே இல்லை.

நான் யோசிக்காமல் விட்டது இரண்டாவது கேள்வி.

கல் எடுத்தவர்கள் ஒரு மாதம் இளைத்திருப்பார்கள். பிறகு பழைய உடம்புக்குத் திரும்பிவிடுவார்கள். என் தங்கை திரும்பவில்லை. நாலாவது மாதம் பஸ்ஸில் ஒருத்தி கேட்டே விட்டாள்: "எப்டிக்கா?"

கலா திணறிப்போய், வாயில் முதலில் வந்ததைச் சொல்லிவிட்டாள் — கொள்ளு. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு. பழமொழி நம் எல்லோர் நாக்கிலும் தயாராக இருக்கிறதே! சாயங்காலம் எனக்குப் போன் செய்தாள். "இன்னாண்ணா பண்றது, சொல்லிட்டேன்." நானும் பழக்கதோஷத்தில் எடிட் செய்தேன். கொள்ளு மட்டும் போதாது, நம்ப மாட்டார்கள். இரவுக்கு வெள்ளரிக்காய் சேர்த்துக்கொள். உடற்பயிற்சி ஒன்றும் வேண்டும். ஜிம் என்றால் எந்த ஜிம் என்று கேட்பார்கள்... படி ஏறுவதாகச் சொல்.

ஒன்று கவனித்திருக்கிறீர்களா? கண் புரை ஆபரேஷன் செய்துகொண்டவர் கறுப்புக் கண்ணாடியோடு கல்யாணத்துக்கு வருவார். முட்டி மாற்று ஆபரேஷன் செய்தவர் பேன்ட்டைத் தூக்கிக் காட்டுவார். ஹார்ட் ஆபரேஷனுக்கு அறுபது பேர் ஆரஞ்சுப் பழத்தோடு போவோம். யாரும் "கண்ணைக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தால் புரை வந்திருக்குமா?" என்று கேட்பதில்லை. குண்டு உடம்பை மட்டும் நாம் வியாதியாகப் பார்ப்பதில்லை, நடத்தையாகப் பார்க்கிறோம். நடத்தை சரியில்லாதவர்கள் தவம் இருந்துதான் திருந்த வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போய்த் திருந்தினால் அது காப்பி அடித்துப் பாஸான மாதிரி.

அதனால் ஊருக்கு ஒரு தவம் தேவைப்பட்டது. நான் சப்ளை செய்தேன்.

கொள்ளு பரவியது. கலாவின் லைன் பெண்கள் பலர் தங்கியிருக்கும் ஹாஸ்டலுக்கு எதிரே ஒரு மளிகைக் கடை. அங்கே கொள்ளு கேட்டால், "நீயும் அந்த ஒயரு கம்பெனியாம்மா?" என்று கடைக்காரர் கேட்கிறாராம். இதைக் கேட்டு நாங்கள் சிரித்தோம். நானும் சிரித்தேன். அதைச் சொல்லாமல் விட்டால், பத்திரிகைக்கு நான் எழுதும் இந்தப் பத்தி நேர்மையாக இருக்காது.

போர்டு மாட்டியது செவ்வாய். அதற்கடுத்த வியாழக்கிழமை காலை, டீ பிரேக்குக்குக் கால் மணி இருக்கும்போது, லைனில் ஒரு பெண் மயங்கி விழுந்தாள்.

மாரீஸ்வரி. வயது இருபத்து மூன்று. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. கொஞ்சம் பூசின உடம்பு. ஊரில் வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தரகர் போட்டோவைப் பார்த்து ஏதோ சொல்ல, அழுதுகொண்டே கலாவிடம் வந்து வழி கேட்டிருக்கிறாள்; கலா அவளுக்கும் கொள்ளையே சொல்லி அனுப்பியிருக்கிறாள். அடுத்த மாதம் மாப்பிள்ளை வீட்டார் நேரில் வருவதாக ஏற்பாடு.

முதலுதவி அறையில் நர்ஸ் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்திருந்தார்.

"இது மயக்கம் இல்லம்மா, பசி," என்றார் நர்ஸ் கலாவிடம். "நேத்து சாயந்தரத்துலேர்ந்து ஒரு வெள்ளரிக்காதான் உள்ள போயிருக்கு. காலைல அந்தக் கொள்ளுத் தண்ணி அரை டம்ளர். இதைக் குடிச்சிட்டு வந்து மூணு மணி நேரம் நின்னா?"

"இன்னாடி பண்ணிக்கினு கீற நீ?" என்று கலா கத்தினாள்.

மாரீஸ்வரி அழவில்லை. குற்றவாளி மாதிரி தலையைக் குனிந்துகொண்டு பதில் சொன்னாள்.

"நீங்க சொன்னதத்தான்க்கா செய்யுதேன். பதினெட்டு நாளா ஒரு நாள்கூடத் தப்பல. ஒங்களுக்கு எறங்குச்சுல்லா... எனக்கு மட்டும் ஏன்க்கா எறங்க மாட்டேங்கு? எங்கிட்டதான் என்னமோ கோளாறு. நான் திருட்டுத்தனமாத் திங்கேன்னு மட்டும் நெனச்சுராதீய."

கலாவுக்கு அந்தக் கடைசி வாக்கியம் தெரியும். பன்னிரண்டு வருடம், ஒவ்வொரு டயட் சென்டரிலும், எடை மெஷினை விட்டு இறங்கியதும் அவள் சொன்ன வாக்கியம் அதுதான். "நான் திருட்டுத்தனமா சாப்பிடல மேடம்." யாரும் நம்பியதில்லை.

மறுநாள் சாயங்காலம் கலாவும் தேவராஜும் குன்றத்தூரில் என் வீட்டுக்கு வந்தார்கள். கலா செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டாள்.

"நான் சொல்லிடப் போறேன்ண்ணா."

"அந்தப் பொண்ணுகிட்டயா? சரி. தனியாக் கூப்பிட்டுச் சொல்லிடு," என்றேன்.

"எல்லார்கிட்டயும்."

"எதுக்கு எல்லார்கிட்டயும்? மயங்கி விழுந்தது ஒருத்திதானே."

"விழுந்தது ஒருத்தி. போர்டு மூணு லைனுக்குப் போயிருக்கு. இன்னும் எத்தினி மாரீஸ்வரி கீறாளுங்களோ, எனக்கு இன்னா தெரியும்?"

"அப்ப போர்டை எடுக்கச் சொல்லு. காரணம் சொல்ல வேணாம்."

"எடுத்தா? படிச்சவ மறந்துடுவாளா? குடிக்கறவ குடிச்சிக்கினுதான் இருப்பா." பிறகு என்னைப் பார்த்தாள். "ண்ணா, உங்க பேப்பர்ல மொதப் பக்கத்துல ஒரு தப்பு போட்டீங்கன்னா, திருத்தத்தை எங்க போடுவீங்க?"

பதில் எனக்கு நன்றாகத் தெரியும். ஏழாம் பக்கம். டெண்டர் விளம்பரத்துக்குக் கீழே. மூன்று வரி.

"அது... இடத்தைப் பொறுத்து," என்றேன்.

தேவராஜ் குறுக்கிட்டார். அவர் பிள்ளைப்பாக்கத்துக்காரர். பெரிய குடும்பம். பங்காளிகள் எல்லாம் பக்கத்துப் பக்கத்துத் தெரு.

"நீ கம்பெனில சொன்னா சாயந்தரமே எங்கம்மா காதுக்கு வந்துடும். நம்ம தெருப் பசங்க நாலு பேரு அங்கதான் கீறானுங்க. 'எம்மருமவ வயித்த அறுக்க வுட்டுட்டு எங்கிட்ட கல்லுன்னு சொன்னியேடா'ன்னு வூட்டாண்ட பஞ்சாயத்தே கூடும்."

"கூடட்டும். நீ கீற இல்ல?"

தேவராஜ் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"கீறேன்... நான் எங்க போவப் போறேன்?"

அவர்கள் அதோடு அந்த விஷயத்தை முடித்துக்கொண்டார்கள். எனக்குத்தான் முடியவில்லை. தன் வயிற்றுக்குள் என்ன நடந்தது என்று ஊருக்குச் சொல்ல வேண்டிய கடமை ஒரு மனுஷிக்கு இருக்கிறதா? இல்லை. இன்றைக்கும் அதுதான் என் கருத்து. கலா யாரிடமும் எதுவும் சொல்லாமல் "அப்படியா, இளைச்சுட்டேனா?" என்று சிரித்துவிட்டு நகர்ந்திருந்தால் ஒருவரும் அவளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நான் அவளுக்கு எழுதிக் கொடுத்தது மௌனம் இல்லையே. சமையல் குறிப்பு. சொல்லாமல் விட்ட உண்மையை யாரும் அடுப்பில் வைத்துக் கொதிக்க விடப் போவதில்லை. சொல்லிக் கொடுத்த பொய்யை ஒரு பெண் பதினெட்டு நாள் குடித்திருக்கிறாள்.

"வேணும்னா நான் நாலு வரி எழுதித் தரட்டுமா?" என்று கேட்டேன்.

"நீ எழுதனது போதும்ண்ணா," என்றாள்.

திங்கட்கிழமை நடந்ததை நான் மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்டேன். பழைய பழக்கம். கலாவிடம், மாரீஸ்வரியிடம், பவானியிடம். பவானி, கலாவோடு பத்து வருடமாக ஒரே பஸ்ஸில் போகிறவள். மூன்று பேர் சொன்னதும் ஒத்துப்போகிறது. கலா அழுதாளா என்பதில் மட்டும் மூன்று விதமாகச் சொல்கிறார்கள்.

முதல் ஷிஃப்ட் ஆறு மணிக்கு. அதற்குப் பத்து நிமிடம் முன்னால் லைன் மீட்டிங். நாற்பத்திரண்டு பேரும் இரண்டு வரிசையாக நிற்பார்கள். யார் லீவு, நேற்று எத்தனை ரிஜெக்ட், பாதுகாப்பு உறுதிமொழி. எல்லாம் முடிந்ததும் கலா ஃபைலிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். கைசன் ஷீட்தான். கையால் எழுதியது. சத்தமாக வாசித்தாள்.

"பிரச்சினை: கேன்டீன் போர்டுல என் போட்டோவோட கீற கைசன் தப்பு. மூல காரணம்: நான் பொய் சொன்னேன்."

அதற்கு மேல் தாளைப் பார்க்கவில்லை.

"அதுல கீற எதுவும் நான் செய்யல. நான் ஆபரேஷன் பண்ணிக்கினேன். வயித்துல முக்காவாசிய எடுத்துட்டாங்க. அதனால எளைச்சேன். கொள்ளு எனக்கு வாசனையே புடிக்காது. இதப் பாத்து யாராச்சும் பட்டினி கெடந்தீங்கன்னா இன்னியோட நிறுத்துங்க. சாப்ட்டுட்டுதான் லைன்ல வந்து நிக்கணும். அவ்ளோதான்."

கன்வேயர் இன்னும் ஓடாத நேரம்.

முதலில் வாயைத் திறந்தது பவானி.

"அப்ப... பித்தப்பை கல்லு?"

"கல்லும் இல்ல, மண்ணும் இல்ல. பித்தப்பை பத்தரமாத்தான் கீது."

"அடிப்பாவி! திரும்பக் கல்லு வரக் கூடாதுன்னு எங்க நாத்தனா வூட்லேர்ந்து வாழத்தண்டு ஜூஸு தூக்கிக்கினு வந்தேனே நானு! மூணு நாளு! அத இன்னாடி பண்ண?"

"அவரு குடிச்சாரு."

லைன் சிரித்தது. சிரிப்பு அடங்கும்போது பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. மெதுவாகத்தான். ஆனால் எல்லோருக்கும் கேட்கிற அளவுக்கு.

"கத்தி வெச்சிக்கினா நாங்களுந்தான் எளைப்போம். இதுல இன்னா பெரும?"

எந்த வாக்கியத்துக்குப் பயந்து ஒன்பது மாதம் பொய் சொன்னாளோ, அந்த வாக்கியம். வந்தேவிட்டது.

"பெருமன்னு நான் சொல்லவே இல்லம்மா," என்றாள் கலா. "ஈசின்னு நெனச்சா கேன்டீனுக்கு வா, என் தட்டுல வந்து சாப்டு. நாலு ஸ்பூனு. அஞ்சாவது ஸ்பூனு வெச்சா ஓடிப் போய் வாந்தி எடுக்கணும். சாப்புடும்போது ஒரு மொடக்கு தண்ணி குடிக்கக் கூடாது. ஆயுசுக்கும் மாத்தர. முடி எம்மாம் கொட்டிச்சின்னு என் பின்னலைப் பாத்தா தெரியும். எனக்குச் சக்கர கொறைஞ்சிது, மூச்சு வருது. அதுக்காகப் பண்ணேன். உனக்கு ஒடம்புல எதுனா இருந்தா டாக்டராண்ட போ. என்னையப் பாத்து எதுவும் செய்யாத."

ஆறு மணிக்கு பெல் அடித்தது. லைன் சரியான நேரத்துக்கு ஓடியது.

ஹெச்.ஆர். அதிகாரி பாவம். "மேடம், கைசன் போடறதுக்குத்தான் ஃபார்மட் இருக்கு... வாபஸ் வாங்கறதுக்கு ஃபார்மட்டே இல்லையே," என்றாராம். பிறகு அவரே ஸ்டூல் போட்டு ஏறி, தாளைக் கழற்றினார். இப்போது அந்த இடத்தில் தீயணைப்புப் பயிற்சி சுற்றறிக்கை.

அன்று சாயங்காலம், தெருவில் செய்தி வருவதற்கு முன்பே தேவராஜ் தன் அம்மாவிடம் உட்கார்ந்து சொல்லிவிட்டார். பஞ்சாயத்து கூடினால் பேச என்னையும் போனில் தயாராக இருக்கச் சொல்லியிருந்தார். கலாவின் மாமியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அறுத்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"அதுக்குத்தான் நான் வெச்ச மீன் கொழம்ப இத்தினி மாசமாத் தொட்டுத் தொட்டு வெச்சிட்டு எழுந்து போனாளா?" என்றார். "என் கைப்பக்குவந்தான் கெட்டுப்போச்சின்னு நெனச்சிக்கினு கெடந்தேனேடா நானு! மொளகாத்தூளக்கூட மாத்திப் பாத்தேன்!"

ஒரு பொய் எந்தெந்த வீட்டுச் சமையலறைக்குள் எல்லாம் போகும் என்று சொன்னவனுக்கே தெரியாது.

ஃபேக்டரியில்? நாங்கள் பயந்த அளவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றுமே ஆகவில்லை என்றும் சொல்ல முடியாது. இரண்டு பேர் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். நாலைந்து பேர் "எனக்கு அப்பவே தெரியும்" என்றார்கள். லாக்கர் அறையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து மூன்று பேர் தனித்தனியாக வந்து, எந்த டாக்டர் என்று கேட்டார்கள். பின் வரிசைக் குரலுக்குச் சொந்தக்காரி அதில் ஒருத்தி. பெயர் எனக்குத் தெரியும். எழுத மாட்டேன்.

கலா கணக்கில் எடுத்துக்கொள்ளாதது மாரீஸ்வரியை. உண்மை தெரிந்தால் அந்தப் பெண்ணுக்கு நிம்மதியாக இருக்கும் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அவளோ பேசுவதை நிறுத்திவிட்டாள். "சரிக்கா." "முடிச்சாச்சுக்கா." வேலைக்கு வேண்டிய அளவுக்கு, அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. பஸ்ஸில் கலாவின் பக்கத்தில் உட்கார ஆரம்பித்திருந்தவள், இப்போது வேறு ஸீட். கலா புதன்கிழமை அவளை வழிமறித்து, "கோவமாடி?" என்று கேட்டாள்.

"ஊரே கேக்கும், ஊருக்குப் பொய் சொல்லுங்க. யாரு வேண்டாங்கா?" என்றாள் மாரீஸ்வரி. "தரகர் சொன்ன அன்னைக்கு நான் அழுதுட்டே வந்து கேட்டேம்லா... எங்கிட்ட எதுக்குக்கா சொன்னீய?"

கலா அதே கேள்வியை எனக்குப் போன் செய்து கேட்டாள். இருபத்தெட்டு வருட அனுபவம் என்று மேலே பெருமையாக எழுதியிருக்கிறேனே... அதில் இதற்கு ஒரு பதில்கூடக் கிடைக்கவில்லை. தப்பு என்று ஒப்புக்கொள்வது நம் கையில் இருக்கிறது. மன்னிப்பது எதிராளியின் ஷிஃப்ட். அதற்கு நாம் டைம் போட முடியாது.

சனிக்கிழமை கேன்டீனில் காலை டிஃபன் பொங்கல், வடை. கலா வழக்கம்போல் ஓர் ஓரமாக உட்கார்ந்து, நாலு ஸ்பூன் பொங்கலை நாற்பது நிமிட வேலையாகச் செய்துகொண்டிருந்தாள். எதிரே ஒரு தட்டு வந்து உட்கார்ந்தது. நிறையப் பொங்கல், நிறையச் சாம்பார். மாரீஸ்வரி. தலை நிமிராமல் பாதித் தட்டைக் காலி செய்தாள். பிறகு கையை நீட்டி, கலாவின் தட்டிலிருந்த வடையை எடுத்தாள்.

"ஒங்களுக்குத்தான் எறங்காதுல்லாக்கா. எதுக்கு வீணாக்கிக்கிட்டு?"

"எடுத்துக்கடி," என்றாள் கலா.

"அந்தச் சட்னியையும் இங்கிட்டுத் தள்ளுங்க."

சட்னிக் கிண்ணத்தைத் தள்ளும்போதுதான் தான் அழுததாகக் கலா சொல்கிறாள். மீட்டிங்கில் அழவே இல்லையாம்.

மாப்பிள்ளை வீட்டார் போன வாரம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பதில் இன்னும் வரவில்லை. மாரீஸ்வரி நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் போய் நின்றாளாம். அதை அவளே எனக்குப் போனில் சொன்னாள்.

இதையெல்லாம் பத்தியில் எழுதலாமா என்று கலாவிடம் கேட்டேன். பெயரை மாற்றிவிடவா என்றும் கேட்டேன்.

"கம்பெனிக்கே தெரிஞ்சாச்சி, இனிமே பேர மாத்தி இன்னா?" என்றாள். "எல்லாத்தையும் எழுதுண்ணா. எத்தினி கிலோ இருந்தேன், எத்தினி கிலோ கொறைஞ்சேன்னு மட்டும் போடாத."

போடவில்லை.